ரவை கிண்டுகிற மாதிரி

பொடி அறைக் கதவைத் திறந்ததும் வெர்னெல் பெட்டவே உள்ளே போகமாட்டாள். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சுவாள். ஈர வாடை வந்துவிட்டால் அன்றைக்கு யார்டில் எல்லாருக்கும் ஏழரைதான். "எவன்டா நேத்து மூட்டை வாயைக் கட்டாமப் போனது?" என்று ஆரம்பித்தால், செய்தவன் தானாக வந்து ஒப்புக்கொள்ளும்வரை ஓயமாட்டாள். அமெரிக்கத் தெற்கின் கடலோரத்து மொபீல் ஊர்க் காற்றில் பாதி தண்ணீர். திறந்து போட்ட பொடி ஒரே ராத்திரியில் கல்லாகிவிடும். அந்தக் கல்லை உடைக்கப் போகிறவன் முகத்தில்தான் அது தெறிக்கும். ஆகையால் அவள் கத்தினதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்கு அவளுக்குக் கிடைத்த மரியாதையைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் ஆதியிலிருந்தே இந்த வேலைக்காரி இல்லை. பதினோரு வருஷம் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு பண்ணிக்கொண்டிருந்தவள். அதைக் காண்டிராக்டுக்கு விட்டபோது வெளியே அனுப்பினார்கள். அப்புறம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ரஸ் டீஸ் என்பவர் நடத்திய லாரி வாட்டர் சர்வீஸில் ஆபீஸ் கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். மீன் வண்டி, கோழி வண்டி, கண்டெய்னர் லாரி எல்லாம் குளிக்க வருகிற இடம். கிரீஸும் கோழிக் கொழுப்பும் வெறும் தண்ணீருக்கு அசையாது, எத்தனை அழுத்தத்தில் அடித்தாலும் சரி. அதற்குக் காஸ்டிக் சோடாவை நீரில் கரைத்து மெஷினுக்குள் விடவேண்டும். பொடியாக வாங்கினால் மலிவு, தண்ணீருக்குச் சரக்குக்கூலி கொடுக்க வேண்டாம். ரஸ் பொடியாகத்தான் வாங்குவார்.

சேர்ந்த முதல் வாரம் அவள் அந்த மூலையை எட்டிப் பார்த்தாள். சிமெண்டுத் தரையில் மூட்டைகள் வாய் கிழிந்து கிடந்தன. பக்கத்தில் ஊறுகாய் வந்த பிளாஸ்டிக் வாளிகள், ஒன்றிலும் பெயர் இல்லை. ஒரு வாளியில் காஸ்டிக். இன்னொன்றில் துருக் கறைக்குப் போடுகிற அமிலப் பொடி. இரண்டும் வெள்ளை. இரண்டையும் அள்ள ஒரே அலுமினிய மொண்டான், காஸ்டிக் தின்று ஓட்டை விழுந்தது.

"இதுல எது உப்பு, எது சர்க்கரைன்னு எப்படிய்யா கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"நக்கிப் பாத்துத்தான்" என்றான் ஆம்ப்ரோஸ் லேங். பிரஷர் கன் பிடிக்கிறவர்களில் மூத்தவன், வாய்த்துடுக்குக்காரன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, அன்றைக்கே அந்த மூலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். யாரும் அவளைக் கேட்டுக்கொள்ளவில்லை. அதுதான் அவள் செய்த முதல் தப்பு என்று இப்போது சிலர் சொல்கிறார்கள்.

ஆபீஸ் பக்கத்தில் ஒழுகாத நல்ல அறை ஒன்று இருந்தது. மூட்டைகள் அங்கே போயின, தரையில் படாமல் மரப்பலகை மேல். அமிலம் எதிர்ச்சுவரில், சிவப்புப் பெயிண்ட் அடித்த வாளியில். மொண்டான்கள் பிளாஸ்டிக், பொடிக்கு ஒன்று, மாற்றக்கூடாது. வாளியில் மிச்சம் விழுந்ததைத் திரும்ப மூட்டையில் கொட்டக்கூடாது. கையில் வழுவழு என்று சோப்பு மாதிரி பட்டால் அது சோப்பு இல்லை, உன் தோல் கரைகிறது, ஓடிப்போய்க் கழுவு. கண் கழுவுகிற பாட்டில் ஒன்றை ரஸ்ஸிடம் ஒரு மாதம் நச்சரித்து வாங்கிக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

கம்பெனிக்காரன் அனுப்பிய பாதுகாப்புக் காகிதங்கள் ஒரு தடிமனான ஃபைலில் இருந்தன. அதை யாரும் திறந்ததில்லை. கெமிஸ்ட்ரி பேசினால் ஆண்கள் கொட்டாவி விட்டார்கள். அதனால் அவள் தனக்குத் தெரிந்த பாஷையில் பேசினாள். காஸ்டிக் சோடா குருணை, காலையில் எல்லார் வீட்டிலும் வேகிற வெள்ளைச் சோள ரவை மாதிரியே இருக்கும். அதற்கு ரவை என்றே பெயர் வைத்தாள். அமிலத்துக்குச் சர்க்கரை. அந்த ஊரில் ரவைக்கு உப்புதான் போடுவார்கள். "ரவையில சர்க்கரை போடுறவன் நம்ம ஊர்க்காரனே இல்ல, வடக்கத்தியான்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு யார்டில் ஒருத்தனும் இரண்டையும் கலக்கவில்லை.

பெரிய ஆபத்து கரைக்கிறபோதுதான். பொடியைப் போட்டுவிட்டு அதன் தலையில் தண்ணீரை ஊற்றினால் சீறிக்கொண்டு கிளம்பும். தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். இதையும் சமையலாகவே சொன்னாள். கறுப்பு மார்க்கரால் சுவரில் பெரிதாக எழுதினாள்: "ரவை கிண்டுற மாதிரி. முதல்ல தண்ணி, அப்புறம் ரவை. கிண்டிக்கிட்டே தூவு."

பதினாலு வருஷம் அந்தச் சுவர் காப்பாற்றியது. ஒருத்தர் மேலும் பொட்டுக் காயம் இல்லை. இன்சூரன்ஸ்காரர்கள் ரஸ்ஸுக்கு ஒரு பாராட்டுப் பலகை கொடுத்தார்கள். அவர் அதை ஆபீஸில் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். வெர்னெல்தான் வாரத்துக்கு ஒருமுறை அதைத் துடைப்பாள், கூட்டுகிற வேலையும் இன்னும் அவள் தலையில்தானே இருந்தது.

பதினாலாவது வருஷம் ரஸ்ஸுக்கு அந்த நல்ல அறை தேவைப்பட்டது. டயர் வியாபாரி ஒருவனுக்கு வாடகைக்கு விட்டார். பொடி பின்பக்கத்துத் தகர ஷெட்டுக்குப் போனது.

"மிஸ்டர் ரஸ், அந்த ஷெட்டு ஒழுகுது" என்றாள்.

"தார்ப்பாய் போட்டுக்கலாம், வெர்னெல்."

"தார்ப்பாய் மழைக்கு. காத்துக்கு என்ன போடுவீங்க? மூட்டை ஒவ்வொண்ணும் பாறையாயிடும்."

"பாறையானா சுத்தியலால ஒடைங்க. பொடி பொடிதானே."

"ஒடைக்கிறவன் கண்ணு உங்க கண்ணு இல்லையே."

ரஸ் சிரித்தார். அவருக்குக் கோபம் வராது, அது ஒரு பெரிய வசதி. வேறு யாராவது எதிரே கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். சிரிக்கிற மனுஷனிடம் என்ன செய்வது? மூட்டை மாற்றிய அவசரத்தில் கண் கழுவுகிற பாட்டில் பழைய அறையிலேயே தங்கிவிட்டது. டயர்க்காரன் அதைத் தூக்கி எறிந்திருக்கிறான். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று அவளும் விட்டுவிட்டாள். சுவர் வாசகத்தை மட்டும் தகரத்தின் மேல் மறுபடி எழுதினாள், அதே வார்த்தைகள்.

அந்த ஜனவரியில் அவளுக்குக் கோர்ட்டிலிருந்து கடுதாசி வந்தது. ஜூரியாக உட்கார வேண்டும், மூன்று நாளோ நாலு நாளோ. மறுக்க முடியாது. பதினாலு வருஷத்தில் அவள் இல்லாமல் யாரும் பொடி கரைத்ததில்லை. காய்ச்சலோடுகூட வந்து கரைத்துவிட்டுப் போனவள். ஆம்ப்ரோஸைத் தேர்ந்தெடுத்தாள். பத்து வருஷமாக மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். ஒரே சர்ச். அவன் மனைவி யூலா பொரித்த கெளுத்தி மீனை இவளுக்கும் சேர்த்துத்தான் கட்டிக் கொடுப்பாள்.

"கைல நீள கிளவுஸ். கண்ணுக்குக் கண்ணாடி. உன் படிக்கிற கண்ணாடி இல்லய்யா, சுத்தி மூடுறது" என்றாள்.

"சரிங்க டீச்சர்."

"மூடியை இறுக்கிப் போடு. வெள்ளை மொண்டான்தான் ரவைக்கு."

"வெர்னெல், நான் உன்னைவிட ஏழு வயசு பெரியவன். எங்கம்மா அஞ்சு வயசுல என்னை ஸ்டூல் மேல நிக்கவெச்சு ரவை கிண்டச் சொன்னா. அந்தா, செவுத்துல எழுதியிருக்கு. போய் ஜட்ஜுக்குப் புத்தி சொல்லு, போ."

சிரித்துக்கொண்டே போனாள். கேட் வரைக்கும் போய் ஒருமுறை திரும்பி வந்தாள். ஒரு பெரிய லாரி ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது.

இரண்டாம் நாள் காலை ஊரே உறைந்துபோயிற்று. பத்து வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கம் வருகிற குளிர். வெளிக்குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வண்டிகள் வரிசையில் நின்றன, கரைசல் தீர்ந்திருந்தது, ரஸ் இரண்டுமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூட்டையைத் திறந்தால் உள்ளே பாறை. ஆம்ப்ரோஸ் உடைத்தான். முஷ்டி அளவு கட்டிகள். உள்ஷெட்டில் டீசல் பர்னர் வைத்த வெந்நீர் மெஷின் தன் தொட்டித் தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஆவி பறக்கிற தண்ணீரை டிரம்மில் பிடித்தான். கட்டி தட்டின ரவை கொதிக்கிற தண்ணீரில்தானே கரையும்? அந்த ஊரில் பிறந்த யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆவியில் கண்ணாடி மங்கியது. நெற்றிக்குத் தூக்கிவிட்டான். கட்டிகளைக் கிண்டிக்கொண்டே போட்டான்.

காஸ்டிக் பச்சைத் தண்ணீரில் கரைகிறபோதே கையைச் சுடுகிற சூட்டைக் கிளப்பும். வெந்நீரில் விழுந்தால் டிரம்மே பொங்கி மேலே வரும். வந்தது.

கண்ணைக் கழுவ அந்த யார்டில் பச்சைத் தண்ணீர் இல்லை. லாரி கழுவுகிற இடத்தில், சொட்டு இல்லை. டிரைவர் ஒருவன் வண்டியிலிருந்த குடிதண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றினான். ஆறு பாட்டில். கால்மணி நேரம் கழுவ வேண்டிய கண்ணுக்கு அது எந்த மூலைக்கு?

வலக்கண் அன்றைக்கே போயிற்று. இடக்கண்ணில் வெளிச்சம் தெரிந்தது. அதற்கு ஆபரேஷன்கள் செய்தால் கொஞ்சம் திரும்பலாம் என்றார்கள், ஒன்றல்ல, மூன்று நாலு. அந்தச் செலவை ஏற்கவேண்டியது கம்பெனியின் இன்சூரன்ஸ், சொன்னதை அவன் வேண்டுமென்றே மீறவில்லை என்றால்.

ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் ரஸ் அவளுக்காகக் காத்திருந்தார். "மிஸ் வெர்னெல்" என்றார். ஏதாவது வேண்டுமென்றால்தான் அவர் வாயில் அந்த மிஸ் வரும்.

"இன்சூரன்ஸ்லேருந்து ஒரு அம்மா வருவாங்க. பொடியைப் பத்திக் கேப்பாங்க. நீங்க பச்சத் தண்ணின்னு அவன்கிட்ட சொல்லியிருப்பீங்கள்ல?"

"ஞாபகம் இல்ல மிஸ்டர் ரஸ்."

"சொல்லாம இருப்பீங்களா? நீங்க யாரு, எத்தனை கவனமான ஆளு. சொல்லியும் அவன் வேணும்னே மீறினான்னா, அது அவன் பொறுப்பு. நம்ம யார் மேலயும் வராது. உங்க மேல வராது, அதை யோசிங்க."

"வேணும்னே மீறினான்னு சொன்னா அவன் ஆபரேஷனுக்கு?"

"அது அவங்க பாடு. நான் டாக்டரா?" என்று சிரிக்கப்போய், இடத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஒழுகுகிற ஷெட் இவருடையது, பாட்டிலை விட்டுவிட்டு மூட்டையை மாற்றினது இவருடைய அவசரம், கடைசியில் குற்றவாளி கண்ணிழந்தவன். ஆனால் ரஸ்ஸை எத்தனை திட்டினாலும் ஒரு கேள்வி மட்டும் அடங்கவில்லை. பச்சைத் தண்ணீர் என்று சொன்னாளா, சொல்லவில்லையா? கிளவுஸ் சொன்னது ஞாபகம் இருந்தது. கண்ணாடி, மூடி, மொண்டான், எல்லாம் ஞாபகம் இருந்தது. கேட்டிலிருந்து திரும்பி வந்ததுகூட ஞாபகம் இருந்தது, எதற்கு என்பது இல்லை. பதினாலு வருஷமும் அவள்தான் குழாயைத் திறந்தாள், குழாயில் வந்தது பச்சைத் தண்ணீர். அதனால் அந்த வார்த்தை சுவருக்குத் தேவைப்படவே இல்லை. ரவை கிண்டுற மாதிரி என்று எழுதினாயே, ரவையை எந்த மடையன் பச்சைத் தண்ணீரில் கிண்டுவான்? இத்தனை வருஷம் நானூறு பிள்ளைகளுக்குக் கிண்டினவளுக்கு அது தோன்றவில்லையே. மூன்று நாள் அவளால் அடுப்புப் பக்கம் போக முடியவில்லை.

இன்சூரன்ஸ் அம்மாள் நல்ல மாதிரிதான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நேராகக் கேட்டாள்.

"குளிர்ந்த தண்ணி மட்டும்தான் பயன்படுத்தணும்னு நீங்க திரு. லேங்கிட்ட சொன்னீங்களா?"

ரஸ் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் ஞாபகம் இல்லை என்றால் 'ஒருவேளை சொல்லியிருக்கலாம்' என்று ஆகும், அதை ரஸ் 'சொன்னாள்' என்று ஆக்கிவிடுவார். அவளுக்கு அவரைப் பதினாலு வருஷமாகத் தெரியும்.

"சொல்லல" என்றாள்.

"நிச்சயமா?"

"நிச்சயமா சொல்லல. செவுத்துலயும் இல்ல. ரவை கிண்டுற மாதிரின்னு நான்தான் எழுதினேன். அவன் எழுதினபடியே செஞ்சான். வேணும்னா போய்ப் பாத்துக்கோங்க."

போய்ப் பார்த்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். ஆம்ப்ரோஸின் ஆபரேஷன்களுக்கு ஒப்புதல் வந்தது. அதே வாரத்தில் வெர்னெலை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரஸ் அன்றும் சிரித்துக்கொண்டேதான் கைகுலுக்கினார்.

அதற்குப் பிறகு அவள் ஏறி இறங்காத வாட்டர் சர்வீஸ் அந்தத் துறைமுகத்தில் இல்லை. பெயரைச் சொன்னதுமே, "ஓ, அந்த ரவை அம்மாவா" என்பார்கள். அவளிடம் மூட்டை அடுக்கக் கற்றுக்கொண்டவனே ஒரு இடத்தில் மேனேஜராக இருந்தான். கூப்பிடுகிறேன் என்றான், கூப்பிடவில்லை. சர்ச்சில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "சகோதரி பெட்டவே, எப்படி இருக்கீங்க" என்று கேட்டுவிட்டு, அவள் உட்கார்ந்த பெஞ்சில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். யூலா அதே சர்ச்சில் முன்வரிசை. ஒருமுறைகூடத் திரும்பவில்லை. வெர்னெல் வேறு சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தாள். நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் படுக்கை விரிப்புத் துவைக்கிற வேலை கிடைத்தது. சோப்பு அங்கே குழாய் வழியாகத் தானாகவே மெஷினுக்குள் போகும். கையால் அளக்க ஒன்றும் இல்லை. அவளை நம்பி ஒரு கரண்டிப் பொடி கொடுக்க வேண்டிய அவசியமும் யாருக்கும் வரவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து ஆம்ப்ரோஸ் போன் பண்ணினான். யூலா இல்லாத நேரம் பார்த்து வரச் சொன்னான்.

டிவியில் ஏதோ பரிசுப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. சோபாவில் உட்கார்ந்திருந்தான், இளைத்திருந்தான். இடக்கண்ணால் ஆள் அசைவது தெரியும் என்றான், முகம் தெரியாதாம். அவள் எதிரில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தாள், அதற்காகத்தான் வந்தாள்.

"வெர்னெல், நீ சொன்ன" என்றான்.

"என்ன சொன்னேன்?"

"பச்சத் தண்ணின்னு சொன்ன. கேட்டுலேருந்து திரும்பி வந்து சொன்ன. லாரி சத்தத்துல கத்திச் சொன்ன. 'ஆம்ப்ரோஸ், வெந்நி கிந்நி ஊத்திடாத, இது நெசமான ரவை இல்ல'ன்னு. நான் கையத் தூக்கி சரின்னேன்."

ஒன்றரை வருஷமாகப் பூட்டிக் கிடந்தது அப்படியே திறந்தது. ஹாரன், புகை, தன் தொண்டை கிழிந்தது, எல்லாம் வந்தது. சொல்லியிருக்கிறாள்.

"குழாய் ஒறைஞ்சு கெடந்துச்சு. ரஸ் வந்து வந்து பாத்துட்டுப் போனான். என்ன ஆயிடும்னு நெனச்சுட்டேன்" என்றான்.

"ஏன்யா யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா ஆபரேஷன் போயிடும்ல. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. யூலாவுக்கே தெரியாது. அவ மூஞ்சிய வெச்சே ஊரு கண்டுபுடிச்சிடும்." கையை நீட்டித் தடவி அவள் முழங்கையைப் பிடித்தான். "நீயும் சொல்லிடாத, என்ன?"

"அப்புறம் எங்கிட்ட மட்டும் எதுக்குச் சொன்ன?"

"ஒருத்தர்கிட்டயாவது எறக்கி வெக்கணும்னு இருந்துச்சு. நெஞ்சு அடைச்சுக்கிட்டே இருந்துச்சு வெர்னெல். இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விடுறேன்."

உண்மையிலேயே அவன் முகம் லேசாகியிருந்தது. அவளுக்கு அவனை ஓங்கி அறையவேண்டும் போல இருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்ததும் கை எழவில்லை.

வெளியே கார் நின்றது. யூலா மளிகைப் பைகளோடு உள்ளே வந்தாள். வெர்னெலைப் பார்த்ததும் பைகளை அங்கேயே தரையில் வைத்தாள்.

"இவளை யாரு உள்ள விட்டது?" என்று கேட்டாள். குரல் ஏறவில்லை. "ஒரு கண்ணைப் புடுங்கினது பத்தாதா? மிச்சத்தையும் பாத்துட்டுப் போகலாம்னு வந்தியா?"

வெர்னெல் ஆம்ப்ரோஸைப் பார்த்தாள். அவன் ரிமோட்டைத் தடவி எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினான்.

அவள் எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டாள். கதவருகே யூலாவைத் தாண்டுகிறபோது நின்றாள்.

"தப்புதான், யூலா" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.